ஒன்றரை அடி வெளிச்சம்

பிள்ளையார்பாளையத்தில் நதியா குடியிருந்த தெருவில் எந்த வீட்டுக்கும் பக்கவாட்டு ஜன்னல் கிடையாது. வாசல் அகலம் பதினோரு அடி, உள்ளே ஐம்பது அடி நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தெருவாசலில் நுழையும் வெளிச்சம் முன்னறையோடு நின்றுவிடும். கொல்லைக் கதவில் வருவது சமையலறையைத் தாண்டாது. நடுவில் இருக்கும் அறைகளுக்குக் காலை ஆறு மணியும் ஒன்றுதான், மத்தியானம் பன்னிரண்டும் ஒன்றுதான். டியூப் லைட்டைப் போட்டால் பகல், அணைத்தால் இருட்டு.

நதியாவின் தையல் மெஷின் அந்த நடு அறையில்தான் இருந்தது. பட்டுச்சேலை முந்தானை ஓரத்தில் நூல் குச்சு கட்டுவது, ஃபால்ஸ் தைப்பது, ரவிக்கை தைப்பது அவள் தொழில். டியூப் லைட்டில் அரக்கும் காப்பிக்கொட்டைக் கலரும் ஒரே மாதிரி தெரியும். நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, வெயிலில் சேலையோடு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து கோர்ப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த நடை உண்டு.

அவள் கணவன் ஜோசுவாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஜோசுவாவின் அப்பா பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காலனியில் பிறந்து, அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து வளர்ந்தவர். பிறகு ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்து, முப்பது வருஷம் கை இரண்டும் கலர் ஏறிப்போய் உழைத்து, இந்த வீட்டை வாங்கினார். அந்தத் தெருவில் காலனியிலிருந்து வந்த குடும்பம் அவர்களுடையது ஒன்றுதான். யாரும் வெளிப்படையாக எதுவும் சொன்னதில்லை. யாரும் அதிகம் வந்து போனதும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்சவேணி மட்டும் அதற்கு விலக்கு. நதியாவைவிடப் பத்து வயது மூத்தவள். கணவன் இறந்தபின் தானே தறியில் உட்கார்ந்து நெய்து மகனைப் படிக்க வைத்தவள். நதியா கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே கொல்லைப் பக்கமாக வந்து, குழம்பு என்ன என்று கேட்டு, தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். நதியாவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஜோசுவா ஷிஃப்டில் இருந்தான். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அம்சவேணிதான். தான் நெய்த சேலைகளுக்குக் குச்சு கட்டும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாள். நதியா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருபது வருஷப் பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் மழை விடாமல் பெய்த ஒரு காலையில், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பொதுச்சுவர் சரிந்தது. பழைய மண்சுவர், அதன்மேல் நின்ற ஓடுகளும் கூடவே விழுந்து வானம் தெரிந்தது. நல்லவேளையாக யார்மேலும் விழவில்லை. மழை நின்ற பிறகு மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, ஓட்டுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, ஆளுக்கொரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பகலில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினால் நதியாவின் நடு அறைக்குள் வெளிச்சம் வந்தது. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அறையின் தரை என்ன நிறம் என்று சரியாகப் பார்த்ததே அப்போதுதான். சிவப்பு சிமெண்டுத் தரை.

இரண்டு மாதம் பகலில் லைட் போடாமல் வேலை நடந்தது. ஒருநாள் அம்சவேணி வேட்டி ஒன்றைத் துவைத்து, இடிந்த சுவர் இருந்த இடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். வேட்டி தொங்கியதும் நதியாவின் அறை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆனது. மறைத்துக்கொண்டு தொங்கும் துணி எப்படி வெளிச்சத்தைக் கூட்டும் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. வேட்டியை எடுத்துப் பார்த்தார்கள், திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மேலே விழும் வெயிலை வாங்கி அது உள்ளே அனுப்புகிறது என்று நதியாதான் கண்டுபிடித்தாள். இந்தச் சுவரைத் திரும்ப எழுப்பவே வேண்டாம் என்ற யோசனை அன்றைக்குப் பிறந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஜெயலக்ஷ்மி டீச்சர் என்று நதியாவின் வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தார். பாலிடெக்னிக்கில் கட்டட டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ரவிக்கை கொடுக்கப் போனபோது நதியா விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் மறுநாளே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து டேப் பிடித்து அளந்தார். ஆளுக்கு ஒன்றரை அடி விட்டுக் கட்டுங்கள், நடுவில் மூன்று அடி கிடைக்கும், மேலே மூடாதீர்கள், இரண்டு பக்கச் சுவரும் வெள்ளையாக இருக்க வேண்டும், ஜன்னல்கள் நேருக்கு நேர் வராமல் தள்ளித்தள்ளி வையுங்கள், ஒரு வீட்டுப் பேச்சு இன்னொரு வீட்டுக்குப் போகாது என்றார். இதற்குத் தனியாக ஒரு செலவும் இல்லை, பிடிவாதம் மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். ஒரே தாளில் இரண்டு வீட்டையும் வரைந்து கொடுத்தார். தாளின் அடியில் இரண்டு பேர் பெயரையும் அழகாக எழுதியிருந்தார். அம்சவேணி அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். எழுத்து, கையெழுத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காவிடம் கையெழுத்துக் கேட்பதா என்று நதியாவுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

நதியாவின் பழைய வீட்டை இடித்து முதலில் கட்டினார்கள். தரைத்தளமும் மொட்டைமாடியும் மட்டும். ஜோசுவாவின் அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் திட்டினார். பதினோரு அடி வீட்டில் ஒன்றரை அடியை விடுகிறவன் உண்டா, பீரோ வைக்கும் இடம் போய்விட்டதே என்றார். கட்டிலைக் குறுக்கே போட முடியாமல் நீளவாக்கில் போட்டார்கள். ஆனால் நடு அறையின் இரண்டு ஜன்னல் வழியாக, அம்சவேணியின் பழைய ஓட்டுக்கூரைக்கு மேலாக, காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலரை வரை வெளிச்சம் வந்தது. நதியா மெஷினை ஜன்னலடியில் போட்டாள். அந்த ஒரு வருஷம் அவள் கட்டிய குச்சுகளை இன்றைக்கும் கடைக்காரர்கள் பேசுவார்கள். அடுக்குக் குச்சு, முத்துக் குச்சு, ஐந்து கலர் கலந்தது என்று எது கொடுத்தாலும் செய்தாள். வாசலுக்கு ஓடும் நடை நின்றது.

அடுத்த ஆடியில் அம்சவேணி தன் வீட்டை இடித்தாள். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாடியோடு புதுவீடு வேண்டும். தறியைக் கழற்றி அடுத்த தெருவில் ஒரு வாடகை அறையில் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கினாள். அந்த அறையில் கொள்ளாத பீரோ, இரும்புப் பெட்டிகள், பித்தளை அண்டா, மூட்டை முடிச்சு எல்லாம் நதியாவின் முன்னறைக்கு வந்தன. ஜோசுவா பைக்கைத் தெருவில் நிறுத்தினான். நடக்க ஒரு ஆள் போகும் வழிதான் மிச்சம். நதியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று ஒரு நேர்ச்சை நெடுநாளாக நின்றுபோயிருந்தது. கோயில் ஆட்கள் வேன் வைத்துக் கிளம்பினார்கள். பத்து நாள் பயணம். நதியாவுக்குத் தயக்கம். அம்சவேணியின் கடைக்கால் வேலை எப்போது ஆரம்பிக்கும், தான் இல்லாமல் எப்படி என்றாள்.

"நாள் பாத்துக்கினு இருக்கறாங்கமா, நீ வந்தப்பறம்தான் கடைக்காலுக்கு நூல் புடிப்பேன்," என்றாள் அம்சவேணி. "நேர்ச்சையத் தள்ளிப் போடாத. சாவியக் குடுத்துட்டுப் போ, தண்ணி வர்ற அன்னைக்கு நான் வந்து தொட்டிய ரொப்பி வெக்கறேன்."

நதியா சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து வேன் தெருமுனையில் இறக்கிவிட்டபோது காலை ஏழு மணி. வீட்டைத் திறந்து, பையை வைத்துவிட்டு, நடு அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் எழும்பி நின்றது.

முதலில் அது என்ன என்றே அவளுக்கு விளங்கவில்லை. கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கடைக்கால் நேராக எல்லைக் கோட்டிலேயே எடுத்திருந்தார்கள். ஒரு விரல்கடை கூட விடவில்லை. அவள் விட்ட ஒன்றரை அடி மட்டும் சந்து மாதிரி கிடந்தது. அதற்குள் சிந்திய கலவை இறுகிப்போயிருந்தது. அவள் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பச்சை டியூப் சமையலறை ஜன்னல் கம்பி வழியாக வெளியே வந்து அந்தச் சுவரின்மேல் கிடந்தது. சுவரை நனைத்ததெல்லாம் அவள் தொட்டித் தண்ணீர்.

முன்னறையில் இன்னொன்றையும் கவனித்தாள். வாசலுக்கு நேரே மாட்டியிருந்த இயேசு படம் ஆணியில் இல்லை. தேடியபோது பீரோவுக்குப் பின்னால் சுவர் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தது. தூசு படியும் என்று எடுத்து வைத்தேன் என்றாள் அம்சவேணி பிறகு. நதியா அதைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். அப்போது அவளுக்கிருந்த கவலை சுவரைப் பற்றி.

கண்ணாயிரம் மேஸ்திரியும் இரண்டு சித்தாள்களும் எட்டு மணிக்கு வந்தார்கள். நதியா கேட்டதற்குக் கண்ணாயிரம் தலையைச் சொறிந்தார். தனக்குக் கொடுத்த அளவு இதுதான், வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள் என்றார். அம்சவேணி ஒன்பது மணிக்கு டீ கேனோடு வந்தாள். நதியாவைப் பார்த்ததும் நேர்ச்சை நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டாள். பிறகு தானே ஆரம்பித்தாள். மகன் ஒரே பிடியாக நின்றுவிட்டானாம். ஒன்றரை அடி போனால் கட்டில் போட முடியாது, மருமகள் வரும் வீடு, பாத்ரூம் உள்ளே வேண்டும் என்றானாம். நல்ல நாள் திடீரென்று அமைந்துவிட்டதாம், ஃபோனில் சொன்னால் நேர்ச்சைக்குப் போன இடத்தில் மனசு கெடும் என்று சொல்லவில்லையாம்.

"இடுப்பு உசரம்தான் வந்துருக்குதுக்கா," என்றாள் நதியா. "இப்பக்கூட பிரிச்சிடலாம்."

அம்சவேணி டீயை டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினாள். "எம் புள்ள பேச்ச நான் எப்படிமா தட்றது," என்றாள்.

சுவர் நாளுக்கு நாலு வரிசை உயர்ந்தது. நதியா ஜன்னலடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் அறையின் மூலையில் கொஞ்சம் இருட்டு ஏறியது. ஐந்தாம் நாள் ஜன்னல் மட்டத்துக்கு மேலே லிண்டல் வைத்தார்கள். அந்தச் சுவரில் ஒரு ஜன்னலுக்குக்கூட இடம் விடவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். தனக்கு வெளிச்சம் கொடுக்காவிட்டாலும் போகிறது, தன் இடத்திலிருந்து வரும் வெளிச்சத்தைக்கூட இவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவேயில்லை. மாடி எழும்பி முடிந்தபோது நடு அறையில் பகலில் டியூப் லைட் எரிந்தது.

ஜோசுவா சண்டை போடலாம் என்றான். நதியா ஜெயலக்ஷ்மி டீச்சரிடம் போனாள், அந்தத் தாளில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதே, அதற்கு ஏதாவது பலம் உண்டா என்று கேட்க.

"அவ அந்தத் தாளோட இங்க வந்திருந்தாளேம்மா," என்றார் டீச்சர். "ஆடி மாசம். எல்லை வரைக்கும் செவுரை ஏத்தினா ரூம் எவ்வளவு பெருசாகும்னு கேட்டா. அப்படிப் பண்ணாதே, ரெண்டு வீடும் இருண்டு போயிடும்னு சொல்லி அனுப்பிச்சேன். சரின்னுட்டுப் போனா. மனசு மாறிட்டான்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

ஆடி மாதம். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வா என்று அம்சவேணி அனுப்பியது ஆவணியில். நதியா திரும்பி வரும் வழியெல்லாம் இந்த இரண்டு மாதத்தையும் மாற்றி மாற்றி நினைத்தாள். மகன் திடீரென்று பிடிவாதம் பிடித்தான் என்றது பொய். நல்ல நாள் திடீரென்று அமைந்தது என்றது பொய். அவள் இடத்தில் அவள் சுவர், சட்டப்படி யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்றும் டீச்சர் சொல்லியிருந்தார்.

அதன்பிறகும் ஒன்று நடந்தது. சுவரின் வெளிப்பக்கத்தைப் பூச வேண்டுமானால் நதியாவின் ஒன்றரை அடிச் சந்தில் நின்றுதான் பூச வேண்டும். பூசாவிட்டால் மழையில் ஊறும். கண்ணாயிரம் வந்து தயங்கி நின்றார். ஜோசுவா விடாதே என்றான். நதியா விட்டாள். பூசி முடித்ததும் வெள்ளை அடித்துக் கொடுங்கள், அது போதும் என்று மட்டும் கேட்டாள். அம்சவேணி சரி என்றாள். பூசினார்கள். சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சுவர் சிமெண்டுச் சாம்பல் நிறத்திலேயே நின்றது. இரண்டு தடவை கேட்டாள். பெயிண்டர் வரவில்லை என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

ஒரு சேலைக்கு அரக்குக் குச்சு கட்ட வேண்டிய இடத்தில் காப்பிக்கொட்டைக் கலரைக் கட்டி அனுப்பிவிட்டாள். கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ஜோசுவா லீவு போட்டுச் சுண்ணாம்பு வாங்கி வந்தான். சந்துக்குள் நேராக நிற்க முடியாது, பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில்தான் நகர வேண்டும். கீழே நதியா, மேலே ஏணியில் ஜோசுவா. தங்கள் சுவரையும் எதிர்ச் சுவரையும் மூன்று கை அடித்தார்கள். தோளெல்லாம் உராய்ந்து தோல் போயிற்று. அறை கொஞ்சம் வெளுத்தது. எழுத்துப் படிக்கலாம், நூல் பிரிக்க முடியாது.

டீச்சர் ஃபோனில் இன்னொரு வழி சொன்னார். அம்சவேணியின் மாடிச்சுவர் வடக்குப் பக்கம் உயரமாக நிற்கிறது, அதன்மேல் நாள் முழுக்க வெயில் அடிக்கிறது, அந்த வெயிலைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் என்றார். பழைய இரும்புக் கடையில் ஓட்டல் மேஜையிலிருந்து கழற்றிய எவர்சில்வர் தகடு ஒன்று கிடைத்தது. ஜோசுவா அதற்குக் கோணச்சட்டத்தில் ஒரு ஃப்ரேம் அடித்து, தங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சந்துக்கு மேலாக நிறுத்தினான். அம்சவேணி சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று நதியா சொல்லியிருந்தாள். ஜோசுவா மேலே கயிற்றைப் பிடித்துத் தகட்டைச் சாய்க்க, நதியா கீழே அறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேராக நிறுத்தினால் வெயில் தங்கள் மாடியிலேயே விழுந்தது. தகட்டின் மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்ததும், சந்துக்குள் ஒரு பட்டை வெளிச்சம் இறங்கி, வெள்ளைச் சுவர்களில் இப்படியும் அப்படியும் பட்டு, ஜன்னல் வழியாக மெஷின்மேல் வந்து விழுந்தது. போதும், கட்டிவிடு என்றாள். காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை அந்த வெளிச்சம் நின்றது. அந்த நாலு மணி நேரத்துக்கு அவள் வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டாள்.

அம்சவேணியின் மகனுக்குத் தை மாதம் கல்யாணம். திருத்தணியில் வைத்திருக்கிறோம், சொந்தம் மட்டும்தான், பிறகு வீட்டில் சாப்பாடு போடுகிறேன் என்று அம்சவேணி பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனாள். பீரோவும் பெட்டிகளும் முந்தின வாரமே போய்விட்டிருந்தன. கூறைப்புடவைக்குக் குச்சு நதியாவிடம்தான் வந்தது. கட்டிக் கொடுத்தாள். ஏன் கட்டிக் கொடுத்தாய் என்று ஜோசுவா கேட்டான். இருபது வருஷத்தை ஒரு சுவருக்காக மொத்தமாகத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாடு என்று சொன்னது நடக்கவில்லை.

மருமகள் பெயர் துர்காதேவி. ஆரணிப் பக்கத்துப் பெண், பி.காம் படித்தவள். பங்குனியில் ஒருநாள் பதினோரு மணிக்கு, மாமியார் வெளியே போயிருந்த நேரம், ரவிக்கைத் துணியோடு நதியா வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாசலில் புதிதாக மாட்டிய தையல் போர்டைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். உள்ளே வந்தவள் நடு அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலையும், சந்தையும், மேலே தகட்டையும் எட்டிப் பார்த்தாள். தங்கள் வீட்டில் அதே இடத்தில் இருக்கும் அறையில் பகலில் பல் துலக்கக்கூட லைட் போட வேண்டியிருக்கிறது என்றாள். பிறகு அறையைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"அக்கா, நீங்க இங்க எப்ப குடி வந்தீங்க?"

"இருபத்தொரு வருசம் ஆவுது," என்றாள் நதியா.

"இல்லக்கா, எங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி வூடு கட்டறதப் பாக்க வந்தாரு. பக்கத்துல யாருன்னு கேட்டதுக்கு, அது எங்க குடோன்தான்னு அத்தை சாவி போட்டுத் தொறந்து காட்டினாங்களாம். பீரோ, பொட்டிங்க எல்லாம் இருந்துச்சாம். எங்கப்பா வந்து சொன்னாரு."

நதியா அளவெடுக்கும் டேப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். எப்போது வந்தார் உங்கள் அப்பா என்று கேட்டாள். ஆவணி மாதம் என்றாள் துர்காதேவி. வேளாங்கண்ணித் திருவிழா சமயம். அண்டை அயல் எப்படி என்று அப்பா ரொம்பப் பார்ப்பார் என்றும் அந்தப் பெண் வெகுளியாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைக் கவனித்தாள். அதன்பிறகு அவள் முகம் மாறியது. அளவு கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

படம் ஏன் சுவர் பக்கம் திரும்பியிருந்தது என்பது நதியாவுக்கு அப்போது விளங்கியது. ஜன்னல் ஏன் இல்லை என்பதும் விளங்கியது. அக்கா ஒன்றரை அடி மண்ணுக்கு ஆசைப்பட்டாள் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தாள். அதை மன்னித்துவிடக்கூட அவள் தயாராக இருந்தாள். அன்றைக்கு மெஷினில் உட்காரவில்லை. ஒன்றரை மணிக்கு வெளிச்சம் போனது, அவள் எழுந்து லைட் போடவும் இல்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து லைட் போட்டபோது அதே இடத்தில் இருந்தாள்.

பத்து நாள் கழித்துத் துர்காதேவி ரவிக்கை வாங்க வந்தாள். தன் அறைச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் பேசியிருப்பதாகவும், ஜன்னல் உங்கள் இடத்தைப் பார்த்துத் திறக்கும் என்பதால் உங்கள் சம்மதம் வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

நதியா ரவிக்கையை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "தாராளமா வெச்சிக்கோ. ஆனா ஒங்கத்தை வந்து கேக்கணும். வர்றதுக்கு முன்னாடி, இங்க யாரு இருக்கறாங்கன்னு ஒங்கப்பாகிட்ட அவங்க வாயால சொல்லணும். அவ்ளோதான்."

அம்சவேணி மூன்றாம் நாள் வந்தாள். கொல்லைப் பக்கமாக வந்தாள். நதியா அவளை உட்காரச் சொல்லவில்லை. அம்சவேணி தானே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அம்சவேணி, பெண் வீட்டார் ஒரு மாதிரி, நல்ல இடம், தட்டிப் போய்விடுமோ என்ற பயம், கல்யாணம் முடிகிற வரைக்கும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன் என்றாள்.

"ஜன்னல் வெச்சா ஒங்க வூடு தெரியுமேன்னுதான் வெக்கல," என்றாள். "வேற ஒண்ணும் மனசுல இல்லமா."

"எங்க வூடு தெரிஞ்சா இன்னாக்கா?"

அம்சவேணிக்குக் கண் கலங்கியது. அது பொய்யில்லை என்று நதியாவுக்குத் தெரிந்தது. "என்னப் போயி இப்படிக் கேக்கறியே," என்றாள் அம்சவேணி. "இருவது வருசமா ஒன் வூட்ல கை நனைக்கிறேன். ஒரு நாளாவது யார்கிட்டயாவது அதச் சொல்லியிருப்பேனா? எங்க அண்ணனுக்குத் தெரியாது, எம் புள்ளைக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா வுட்டுருப்பாங்களா? அவ்ளோ பத்தரமா வெச்சிக்கினு இருந்தேன்."

அவள் அதைத் தன் அன்புக்குச் சாட்சியாகத்தான் சொன்னாள். நதியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எப்போதும் கொல்லைப் பக்கமாகவே வந்து போனது, தெருவாசலில் நின்று ஒரு நாளும் பேசாதது, அவள் வீட்டு விசேஷங்களுக்கு முந்தின நாளோ மறுநாளோ மட்டும் கூப்பிட்டது, சேலைக் குச்சை யார் கட்டினார்கள் என்று கேட்கிறவர்களிடம் ஒரு பொண்ணு இருக்குது என்று மட்டும் சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சுவர் போன ஆவணியில் எழும்பியது என்று அவள் நினைத்திருந்தாள்.

"நீங்க போங்கக்கா," என்றாள். "சம்பந்திகிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் செவுரு அப்டியே இருக்கட்டும்."

"இந்த வயசுல என்ன தலகுனிய வெக்கறியா?"

அம்சவேணி எழுந்து, முக்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, வந்த வழியே போனாள்.

அவள் சம்பந்தியிடம் சொல்லவில்லை. சுவர் உடைபடவில்லை. வந்த மருமகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கவிடாமல் பக்கத்து வீட்டுக்காரி தடுக்கிறாள் என்று தெருவில் பேச்சு எழுந்தது. காலனிக்காரர்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் என்றும் யாரோ சொன்னதாகக் கண்ணாயிரம் வந்து சொன்னார். ஜோசுவா ஆத்திரத்தில் தகட்டைக் கழற்றி உள்ளே போடப்போனான். நதியா தடுத்துவிட்டாள். அந்த வெளிச்சம் அக்கா கொடுத்தது இல்லை, நாம் செய்துகொண்டது, அதை ஏன் கழற்ற வேண்டும் என்றாள்.

துர்காதேவிமேல் அவளுக்குக் கோபம் இல்லை. தெருக்கோடி மாவு மிஷினில் பார்த்தபோது அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நதியாதான் நிறுத்திப் பேசினாள். அறைக் கதவுக்கு மேலே சுவரை வெட்டிக் கண்ணாடி போடு, முன்னறை வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வரும், அறைக்கு நீலம் அடித்திருந்தால் வெள்ளையாக மாற்று, மாடிப்படிக்கு மேலே தகரத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஷீட் போடச் சொல் என்று சொல்லிக் கொடுத்தாள். துர்காதேவி எல்லாவற்றையும் ஃபோனில் குறித்துக்கொண்டாள். அதில் கதவுக்கு மேல் கண்ணாடி மட்டும் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அம்சவேணியின் சேலைகள் இப்போது வேறு யாரிடமோ குச்சுக்குப் போகின்றன. நதியாவுக்குக் கடைகளிலிருந்து நேராக வேலை வருகிறது, குறைவில்லை. சித்திரையில் சூரியன் உச்சிக்கு ஏறியதும் தகட்டின் சாய்வை மாற்ற வேண்டியிருந்தது. தெருவில் எதிரே பார்த்தால் அம்சவேணி நின்று, மகள் பரீட்சை எழுதிவிட்டாளா, ஜோசுவாவுக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்பாள். நதியா கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். திருப்பி ஒன்றும் கேட்க மாட்டாள். கொல்லைக் கதவை மட்டும் இப்போதெல்லாம் பகலிலும் தாழ்ப்பாள் போட்டு வைக்கிறாள்.